ஒன்பது கீட்டன்கள்

ஒரே நடிகர் இரு வேடங்களில் வரும் காட்சி படத்தொகுப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனை நினைத்துக்கொள்வேன். 1921இல் வெளியான ‘தி பிளேஹவுஸ்’ படத்தில் ஒன்பது கீட்டன்கள் ஒரே சட்டகத்தில் வரிசையாகத் தோன்றுகிறார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒன்பது உலோகத் தகடுகள் கொண்ட ஒரு பெட்டி. ஒரு தகட்டை மட்டும் விலக்கி முதல் கீட்டனைப் படம்பிடித்தார்கள். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, அடுத்த தகட்டை விலக்கி இரண்டாமவரை. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி கேமராவைக் கையால் சுற்றினார். ஒன்பது முறையும் அந்தக் கை ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். கடைசி முறை பிசகினால் முந்தைய எட்டும் வீண். கணினியில் ஒரு விசையைத் தட்டித் தவறைத் திருத்திக்கொள்ளும் எனக்கு, அந்தக் கையை எண்ணினாலே மெய்சிலிர்க்கிறது.

கீட்டனுக்கு இந்தத் துணிவு கருவியைப் பழகியதால் வந்தது. 1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குப் போனவர், கேமராவை இரவல் வாங்கிச் சென்று, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டினார். பிறகு அவருக்கென்று ஒரு சிறு குழு அமைந்தது. எழுதிய திரைக்கதை கிடையாது. யோசனை முட்டிக்கொண்டால் எல்லோரும் பேஸ்பால் விளையாடப் போய்விடுவார்கள்; வழி பிறந்ததும் திரும்பி வருவார்கள். சிறு குழுவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விளையாட்டும் வேலைதான். நான் இருந்த ஒரு குழு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்த பிறகு, ஒரு வெட்டை மாற்றவும் ஒப்புதல் கடிதம் தேவைப்பட்டது. திறமையில் யாரும் குறைந்துவிடவில்லை; ஆனாலும் படங்கள் சோர்ந்துபோயின.

கீட்டன் 1928இல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் எடுத்த ‘தி கேமராமேன்’ அருமையான படம். அதன் பிறகு கதை, செலவு, ஆட்கள் எல்லாவற்றையும் மேலிடமே தீர்மானித்தது. குடியும் சேர்ந்துகொள்ள, 1933இல் வேலை போயிற்று. பின்னர் அதே நிறுவனத்துக்கு, வாரம் 100 டாலர் சம்பளத்தில், மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசிப்பவராகத் திரும்பினார். இதைப் பலர் வீழ்ச்சி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1949இல் ‘இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்’ படத்துக்கு, ஒரு வயலின் உடைய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும் என்று இயக்குநர் அவரிடம் கேட்டார். எப்படி விழுவது என்று கீட்டன் வகுத்துக் கொடுத்தார். அப்படி விழ அவரைவிட்டால் ஆள் இல்லை. வேறு வழியின்றி அவருக்கே அந்தப் படத்தில் ஒரு வேடம் கொடுத்தார்கள்.