ஒரு கால் போன டைனோசரும் ஒரு ஜோடிக் காதணியும்

கழன்று விழுந்த கீபோர்டு எழுத்து, நின்றுபோன கைக்கடிகாரத்தின் பற்சக்கரம், ஜோடியில்லாத பட்டன், ஒரு கால் போன பிளாஸ்டிக் டைனோசர், இதையெல்லாம் குப்பையில் போடும் முன் காதோரம் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான் தொங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு பக்கம் டைனோசரின் தலை, மறுபக்கம் வால் என்று மாட்டினால் பார்ப்பவர்கள் ஒரு நொடி குழம்பிவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

இது புதிதும் இல்லை. அந்தரத்தில் தொங்கி அசையும் சிற்பங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) சுமார் 1,800 நகைகள் செய்திருக்கிறார். பித்தளைக் கம்பியை வளைத்துத் தட்டி, சிலவற்றில் உடைந்த கண்ணாடி, பீங்கான் துண்டுகளையும் கட்டியிருப்பார். பெரும்பாலும் உலோகத்தை உருக்கி ஒட்டும் பற்றவைப்பே கிடையாது.

நமக்கும் அதுதான் வசதி. பசை மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. துளை போட்டு வளையம் மாட்டுங்கள், முடியாததைக் கம்பியால் சுற்றிக் கட்டுங்கள். அந்தச் சின்ன வளையத்தைத் திறக்கும்போது முனைகளைப் பக்கவாட்டில் விரிக்காமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் கோணிக்கொள்ளும். கண்ணாடி, பீங்கான் என்றால் டிரில்லில் வைர முனை போடுங்கள், துளையிடும் இடம் நனைந்தபடியே இருக்க வேண்டும், அவசரம் கூடாது. சூட்டில் விரிசல் விடுவது குறையும், தூளும் மூக்கில் அவ்வளவாக ஏறாது. கூர்மையான ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். கொக்கி மட்டும் நிக்கல் இல்லாததாக இருக்கட்டும், நிறைய பேருக்கு நிக்கல் பட்டால் அரிக்கும். அப்புறம், பெயின்ட் உரியும் பழைய பொம்மை வேண்டாம், ஈயம் இருக்கலாம்.

சரி, உங்கள் டிராயரில் என்னவெல்லாம் கிடக்கிறது? படம் போடுங்கள்.