மூன்று நாள் பாலின் சீஸ்

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறைக்குக் கொண்டுவந்த லங்காஷயர் சீஸ், செல்லூர் வீட்டு அடுக்களையில் வைத்த கால் மணி நேரத்திலேயே, மதுரை வெயிலுக்கு நெய் கசிந்து மினுமினுத்தது. அழுத்தினால் உதிர்ந்த அந்த வெளிர்மஞ்சள் துண்டை முகர்ந்த அம்மா, “புளிச்ச மோர் வாடைல்லப்பா அடிக்குது” என்று தள்ளிவைத்தார்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயரில், சில மாடுகளே வைத்திருந்த குடியானவர்களுக்கு ஒரு நாள் பால் ஒரு முழுச் சீஸுக்குப் போதாது என்பதால், அன்றைய பாலை உறையச் செய்து நீர் வடித்த திரளோடு, முந்தைய இரண்டொரு நாள் திரளையும் உதிர்த்துக் கலந்து, உப்பிட்டு, அச்சிலிட்டு அழுத்தினார்கள். அதன் தனிச்சுவை அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. 1890களில் ஜோசஃப் கோர்னால் என்பவர் பண்ணை பண்ணையாகச் சென்று இச்செய்முறையை ஒழுங்குபடுத்தினார். ஒரே நாள் திரளில் செய்யப்படும் ‘கிரம்ப்ளி’ என்ற பிற்கால வகைக்கும் இதே பெயரைச் சூட்டியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

நேற்றைய மாவில் ஒரு கரண்டியைப் புது மாவில் கலக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னதும், அவரே தோசை மேல் கொஞ்சம் உதிர்த்துப் போட்டார். உருகுவதற்குப் பெயர் போன அந்தச் சீஸ், தோசையின் ஓரம் முறுகுவதற்குள் குழைந்து பரவிவிட்டது.