குளக்கரையில் ஒரு வெள்ளைப் பூ

ஜனவரி 6

குளத்தில் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. நேற்றுவரை தண்ணீர் நின்ற விளிம்பில் இன்று கால் புதைகிறது. அந்தச் சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் ஒரு செடி படர்ந்திருக்கிறது. நடுநடுவே சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளைப் பூக்கள். பொடுதலை என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 7

பொடுதலை இல்லை. பொடுதலைப் பூக்கள் நீண்ட காம்பின் நுனியில் சிறு கொண்டையாய்ச் சேர்ந்திருக்கும். இலையின் மேற்பாதி விளிம்பில் பற்கள் இருக்கும். இங்கே ஒவ்வொரு பூவும் இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்திலிருந்து, தனியே எழுந்து நிற்கிறது. இலைகள் எதிரெதிரே, காம்பில்லாமல், அடி குறுகி நுனி அகன்றவை. விளிம்பில் பல் இல்லை. கிள்ளினால் சதைப்பற்றோடு ஒடிகின்றன. கசக்கி முகர்ந்தேன், வாசனையே இல்லை.

ஜனவரி 8

உருப்பெருக்கியோடு சேற்றில் மண்டியிட்டு அரை மணி நேரம். குட்டையான குழல், ஐந்து மடல்கள், ஓரத்தில் மிக மெல்லிய ஊதா. மகரந்தத் தாள்கள் நான்கு. இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. பூவைத் திருப்பியபோதுதான் விடை கிடைத்தது. புல்லி இதழ்கள் ஐந்தும் ஒரே அளவில் இல்லை. வெளியே உள்ளது அகன்று முட்டை வடிவில் இருக்கிறது. உள்ளே இரண்டு மிகக் குறுகலாக ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒட்டினாற்போல் இரண்டு ஒல்லியான பூவடிச் சிற்றிலைகள். நீர்ப்பிரமி! அறிவியல் பெயர் பக்கோப்பா மோனியேரி. இத்தனை நாள் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஜனவரி 12

பெயர்க் குழப்பம் என்னை வருத்துகிறது. பிரமி என்று வல்லாரையையும் சொல்கிறார்கள். வல்லாரையின் இலை வட்டமாய், நீண்ட காம்போடு இருக்கும். அது கேரட் குடும்பம். இரண்டுக்கும் உறவே இல்லை. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ்கூட 1756இல் நீர்ப்பிரமியை லைசிமாக்கியா என்ற வேறொரு பேரினத்தில்தான் வைத்தார்.

பெயர் சரியாக இருந்தாலும் போதாது, இடத்தையும் பார்க்க வேண்டும். நீர்ப்பிரமி சேற்றிலுள்ள காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் ஓரத்தில் அது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் மருந்துக்கென்று பறிக்கக் கூடாது. என் குறிப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

ஜனவரி 20

உப்பங்கழி ஓரத்திலும் இருக்கிறது! உவர்நீரையும் அது தாங்கும். பக்கத்திலேயே செசுவியம் என்ற உவர்நிலச் செடி, அதற்கும் தடித்த இலைதான். ஆனால் அதன் பூ இளஞ்சிவப்பு நட்சத்திரம், நடுவே மகரந்தத் தாள்கள் கற்றையாய் நிற்கும். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மாறிப்போகாது.

பிப்ரவரி 3

முதல் நாள் பார்த்த இடம் வெடித்துக் கிடக்கிறது. மேட்டுப் பக்கம் செடி வாடியிருக்கிறது. ஆனால் தண்டின் நுனி நீரைத் தேடி இறங்கிப் போயிருக்கிறது. ஈரம் பட்ட கணுவிலெல்லாம் வெள்ளை வேர். பூக்கள் குறைந்துவிட்டன. காய்ந்த புல்லிகளுக்குள் முட்டை வடிவச் சிறு காய்கள், நுனியில் கூரிய மூக்கோடு. ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. நீர் விளிம்பில் மூன்று புது மொட்டுகளை எண்ணிவிட்டுத் திரும்பினேன்.