குளுக்கோஸ் தீர்ந்த பின் ஈஸ்ட் சும்மா இருந்த நான்கு மணி நேரம்

குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரண்டு சர்க்கரைகளும் கலந்த நீரில் விட்ட ஈஸ்ட், முன்னதைத் தீர்த்த பிறகே பின்னதைத் தொடும் என்று படித்திருந்தேன். அதை வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்பினேன். முதல் முறை சீசாவின் வாயில் பலூனைக் கட்டினேன். இரவில் உப்பியிருந்த பலூன் விடிவதற்குள் துவண்டு கிடந்தது. கரியமில வாயு ரப்பரைக் கடந்து கசியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே வாயுவைப் பிடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அது வெளியேறுவதால் குறையும் எடையை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அரை மணிக்கு ஒரு முறை குறித்தேன். சர்க்கரை ஒவ்வொன்றிலும் 5 கிராம், நீர் 200 மில்லி, ஈஸ்ட் 2 கிராம். புதிய நொதிகளைக் கட்ட நைட்ரஜன் வேண்டுமென்பதால், கொதிக்கவைத்துக் கொன்ற ஈஸ்ட் சிறிதும் சேர்த்தேன். ஆவியாகும் நீரின் எடையைக் கழிப்பதற்காக வெறும் நீர் நிரம்பிய சீசா ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

5 கிராம் குளுக்கோஸ் முழுவதும் சாராயமாக மாறினால் 2.44 கிராம் வாயு வெளியேற வேண்டும். ஒரு பகுதி செல்களின் வளர்ச்சிக்கும் கிளிசராலுக்கும் போய்விடும், கொஞ்சம் நீரிலேயே கரைந்து நிற்கும், அதனால் 2.1 கிராம் குறைந்ததும் எடை அப்படியே நின்றது எனக்கு வியப்பளிக்கவில்லை. வியப்பளித்தது அதன் பிறகு வந்த நான்கு மணி நேரம். நுரை அடங்கி, அடியில் வண்டல் படிந்து, சீசா செத்துவிட்டதோ என்று நினைத்த வேளையில், ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றிரண்டாக ஏறத் தொடங்கின.

அந்த இடைவெளியில் செல் இரண்டு பூட்டுகளைத் திறக்கிறது. குளுக்கோஸ் இருக்கும்வரை மிக்1 என்னும் புரதம் காலக்டோஸ் மரபணுக்களின் மேல் அமர்ந்து அவற்றை அடக்கி வைக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் ஸ்னெஃப்1 என்னும் நொதி மிக்1-இன் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. ஆனால் அடக்குமுறை நீங்கினால் மட்டும் போதாது. காலக்டோஸ் உள்ளே வந்து கேல்3 புரதத்துடன் இணைய, அது கேல்80 என்னும் தடுப்புப் புரதத்தைப் பற்றிக்கொள்ள, கேல்80-இன் பிடியிலிருந்து விடுபட்ட கேல்4 என்னும் புரதம் அந்த மரபணுக்களை இயக்கினால்தான் நொதிகள் உருவாகும். பசி மட்டும் போதாது, உணவு இருப்பதற்கான அடையாளமும் வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகச் சிக்கனமானதாகத் தோன்றுகிறது.

மூன்றாம் முறை, அதே சீசாவின் வண்டலையே புதிய கலவையில் விட்டேன். குளுக்கோஸுக்குத்தான் இப்போதும் முதலிடம். இடைவெளியோ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. இதை ஈஸ்ட்டின் நினைவாற்றல் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பழைய நொதிகள் மிச்சமிருந்தாலும் இதே கோடுதான் வரும். எனவே அடுத்த முறை, நடுவில் இரண்டு தடவை குளுக்கோஸ் மட்டும் கொடுத்து வளர்த்த பிறகு இதே கலவையில் விட்டு அளக்கப் போகிறேன்.