என் மகளை எந்த வழிபாட்டில் வளர்ப்பது?

என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுடைய தாத்தா, என் கணவரின் தந்தை, திருநெல்வேலியில் காலமானார். முற்றத்தில் கிடத்தியிருந்த உடலுக்கு அருகே ஓதுவார் ஒருவர் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டிய நேரம் வந்ததும், நுனியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திய குச்சிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பெரியப்பா பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லித் தராமலே, தாத்தாவைச் சுற்றி வந்தார்கள். என் மகள் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுடைய ஆச்சி கைநீட்டிக் கூப்பிட்டும் அவள் அசையவில்லை. தாத்தாவின் மடியிலேயே வளர்ந்த பிள்ளை அவள். அன்றிரவு பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நாம எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நானும் என் கணவரும் பேசியவற்றையும், எங்கள் முடிவை ஏன் மாற்றிக்கொண்டோம் என்பதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் சைவர். ஒருவருக்காக மற்றவர் மதம் மாறுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டதால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டோம். மாதா கோயிலில் மணம் முடிக்கவும் ஒரு வழி இருந்தது. ஆயரின், அதாவது பிஷப்பின், விதிவிலக்கைப் பெறுவதற்கு, பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று நான் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதியை அவருக்கும் தெரிவிப்பார்கள். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதியைத் தளர்த்துவதற்கு முன் இருவருமே அப்படி உறுதி தரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இன்றைய விதி எவ்வளவோ மென்மையானதுதான். ஆனாலும் இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் பெயரால் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. திருச்சபையின் கணக்கில் எங்கள் மணம் மணமாகாது. அன்றுமுதல் நான் திருப்பலிப் பூசைக்குப் போகிறேன், அங்கே தரும் புனித அப்பமான நற்கருணையை வாங்குவதில்லை. மற்றவர்கள் எழுந்து வரிசையில் போகும்போது நான் மட்டும் இருக்கையிலேயே இருப்பதை என் அம்மா இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவர் எனக்குக் காட்டும் கருணை என்று எனக்குத் தெரியும்.

மகள் பிறந்தபோது, ஞானஸ்நானமும் வேண்டாம், குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்துவதும் வேண்டாம், பதினெட்டு வயதில் அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்று தீர்மானித்தோம். பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டோம். பெற்றோர் விரும்பினால் அப்படி விடலாம் என்று தமிழக அரசின் ஆணைகள் 1973இலும் 2000இலும் வந்திருக்கின்றன. அது கத்தோலிக்கப் பள்ளி என்பதால், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள். என் மகள் நன்னெறி வகுப்பில் இருந்தாள். வீட்டில் அவர் காலையில் தனியாகத் திருநீறு பூசிக்கொண்டு அலுவலகம் போவார். நான் இரவில் அவள் தூங்கிய பிறகு ஜெபமாலை சொல்வேன். பிள்ளையின் மேல் எதையும் திணிக்கவில்லை என்ற நிறைவு எங்கள் இருவருக்கும் இருந்தது.

நெய்ப்பந்தத்துக்குப் பின்தான் அந்த நிறைவு உடைந்தது. நாங்கள் நடுநிலை என்று நினைத்திருந்தது, எங்கள் இருவருக்கும் சண்டை வராமல் இருக்க நாங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை மட்டுமே. அதன் விலையைக் கொடுத்தவள் அவள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு மிக முக்கியமான ஒன்றைத் தன் கண்ணில் படாமல் செய்கிறார்கள் என்றால், அது தொடக்கூடாத பொருள் என்றுதானே பிள்ளை புரிந்துகொள்ளும்? அவள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். தாத்தாவுக்குப் பந்தம் பிடித்தால் அம்மாவுக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்று பயந்ததாகப் பிறகு சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை சுமக்கக்கூடிய பாரமா அது? பதினெட்டு வயதில் தேர்ந்துகொள் என்று சொல்வதற்கு, அதற்குமுன் அவள் எதையாவது அருகிலிருந்து கண்டிருக்க வேண்டும். ஒரு பூசையிலும் முழுதாக உட்காராதவள், ஒரு பதிகமும் பாடத் தெரியாதவள், எதிலிருந்து எதைத் தேர்வாள்?

ஆகவே பிள்ளைகளைத் தம் மதத்தில் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது, வளர்க்கலாம், உண்மையிலேயே நம்புகிறவர்கள் வளர்க்கத்தான் வேண்டும் என்று சொல்வேன். நம்பாதவர்கள் நம்பாததையும் அதேபோல வெளிப்படையாகச் சொல்லி வளர்க்கட்டும். சாதியற்றவர், மதமற்றவர் என்று 2019இல் சான்றிதழ் பெற்ற திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகாவைச் சிறுவயதிலிருந்தே அவருடைய பெற்றோர் அப்படித்தான் வளர்த்தார்கள். அவர்கள் தங்கள் கொள்கையைப் பிள்ளையிடம் மறைக்கவில்லை. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எங்களிடம் இல்லாமற்போனது அதுதான்.

மதம் தாய்மொழியைப் போன்றது, பிள்ளையைக் கேட்டுக்கொண்டா தமிழ் கற்றுக்கொடுக்கிறோம் என்று என் கணவரின் அண்ணன் அடிக்கடி சொல்வார். பாதி தூரம்தான் அவரோடு போக முடிகிறது. தமிழை விட்டுவிட்டு வேறு மொழியில் பேசுகிற மகனை யாரும் வாசற்படி ஏறாதே என்று சொல்வதில்லை. அவனுக்குச் சொத்தில் பங்கில்லை என்பதில்லை. செத்தால் முகத்தில் விழிக்காதே என்பதில்லை. மதத்தை விட்ட மகனிடமும் மகளிடமும் இவற்றையெல்லாம் சொன்ன வீடுகளை நான் இரண்டு பக்கத்து உறவிலும் பார்த்திருக்கிறேன். மொழியைப் போலக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், மொழியைப் போலவே விட்டுப்போகவும் விடவேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பாட்டிமாரும் என் மகளுக்குச் சொன்ன இரண்டு கதைகள் எனக்கு உதவின. ஆச்சி திலகவதியாரின் கதையைச் சொன்னார். தாய் தந்தையை இழந்து, மணம் பேசியிருந்தவரையும் போரில் இழந்து, தம்பி ஒருவனுக்காகவே உயிர் வைத்திருந்தவர் அவர். அந்தத் தம்பி, பின்னாளைய அப்பர், சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெயர் பெறுகிறார். தமக்கை திருவதிகைக் கோயிலில் அலகிடுவதும் மெழுகுவதுமாகக் காத்திருக்கிறார். சூலை நோயோடு தம்பி ஓர் இரவில் வந்து விழும்போது திருநீறு கொடுத்து ஏற்றுக்கொள்கிறார். என் அம்மா சொன்னது புனித மோனிக்காவின் கதை. அவருடைய வீடும் எங்கள் வீட்டைப் போன்றதுதான்: மனைவி கிறிஸ்தவர், கணவர் ரோமானியத் தெய்வங்களை வணங்கியவர். மகன் அகுஸ்தினார் சிறுவயதில் நோயுற்றபோது ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்து, அவர் தேறியதும் தள்ளிப்போட்டார்கள். வளர்ந்து மானி என்பவரின் மதத்தில் சேர்ந்த மகனை முதலில் தன்னோடு வீட்டில் இருக்கவிட மறுத்த தாய், பிறகு மனம் மாறி ஏற்றுக்கொண்டார். 387ஆம் ஆண்டு மிலான் நகரில் மகன் ஞானஸ்நானம் பெறும்வரை அழுது வேண்டினார்.

இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டு என் மகள் கேட்டது இதைத்தான்: "அவங்க திரும்பி வரலைன்னா?" இரண்டு பாட்டிகளும் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்தவர்களின் கதைகளைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தருமசேனர் தருமசேனராகவே இருந்து முதுமையடைந்திருந்தால் திலகவதியாருக்கு அவர் தம்பி இல்லை என்று ஆகியிருக்குமா? தன் மதத்தில் பிள்ளையை வளர்க்கிற ஒவ்வொரு தாயும் தந்தையும் இதற்கு முதலில் தமக்குள் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது எதுவும் மறைவில் நடப்பதில்லை. ஜெபமாலையைக் கூடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அவர் பிரதோஷத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் போகும்போது அவளையும் கூப்பிடுகிறார், விருப்பமிருந்தால் போகிறாள். ஆச்சி வீட்டில் இருந்தால் காலையில் அவள் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசிவிடுகிறார். அம்மாச்சி வீட்டில் இருந்தால் இரவில் அதே நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.

ஒரு திருநீற்றுப் புதனன்று என்னோடு பூசைக்கு வந்தவள், குருவானவர் என் நெற்றியில் சாம்பலிட்டதைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றாள். ஆம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சுகமாக இருந்திருக்கும். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊரில் பெரிய மனசு என்று எண்ணப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வழியிலும் உயிரைக் கொடுத்து நின்றவர்களுக்கு அது மரியாதையாகாது. அதனால் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். கோயிலில் இட்ட சாம்பல், போன ஆண்டு குருத்து ஞாயிறன்று பிடித்த ஓலைகளை எரித்தது. நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டி, மனந்திரும்பச் சொல்வது. அப்பா பூசுவது பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்தது. உயிரைப் பிடித்திருக்கும் மலங்கள் எரிந்துபோக இறைவன் தரும் அருள் என்று அவர் நம்புகிறார். தாத்தா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவள் கேட்டபோது, என் கணவர் மறுபிறவியைப் பற்றித் தான் நம்புவதைச் சொன்னார். நான் உயிர்ப்பைப் பற்றி நான் நம்புவதைச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம். ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் சுளிக்காமல் இருப்பது எளிதாக இருக்கவில்லை. பழகிக்கொண்டோம்.

செய்யாமல் தவிர்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சாமி கண்ணைக் குத்தும், நரகத்தில் போடுவார் என்று சொல்லி ஒருநாளும் அவளைச் சோறு உண்ண வைத்ததில்லை, பொய் சொல்லாமல் இருக்கச் செய்ததும் இல்லை. என் சிறுவயதில் எனக்கு அப்படித்தான் கடவுள் அறிமுகமானார். அந்தப் பயத்தை உரித்தெடுத்துவிட்டு அவரிடம் அன்பாகப் போய்ச் சேர எனக்கு முப்பது வயதானது.

எந்த வயதில் அவள் தீர்மானிக்கலாம் என்பதிலும் எங்கள் எண்ணம் மாறியிருக்கிறது. பதினெட்டு என்பது வாக்குரிமைக்கான வயது. அதற்கும் மனச்சாட்சிக்கும் தொடர்பில்லை. ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது: பன்னிரண்டு வயதான பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாக வேறு மதத்தில் வளர்க்கக்கூடாது, பதினான்கு வயதில் பிள்ளையே முடிவுசெய்யலாம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் பதினான்காம் கூறு, பிள்ளையின் சமயச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டு, அதன் வளர்ந்துவரும் திறனுக்கேற்ப வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. வளர்ந்துவரும் திறன் என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: ஐந்து வயதில் கைப்பிடித்துக் கூட்டிப்போகலாம், பத்து வயதில் வருகிறாயா என்று கேட்கவேண்டும், அதற்குப் பின் வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று. போன ஆகஸ்டு 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் தனியாகத் தூத்துக்குடிக்குப் போனேன். பேருந்தில் பாதி வழிவரை எனக்கு நெஞ்சு கனத்துக்கொண்டிருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டார். வரலைன்னு சொல்லிட்டா என்றேன். அம்மா சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி வாங்கிவரச் சொன்னார்.

திரும்பி வந்த இரவு மகளிடம், அவள் என்றாவது ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பது என் ஆசை என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அப்பாவுக்கு வேறு ஆசை இருக்குமே என்றாள். இருக்கிறது, அவரையே கேள் என்றேன். எழுந்து போய்க் கேட்டாள், அவரும் சொன்னார்.