கவுச்சி இல்லாத ஐஸ்: குல்மார்கில் மூன்று இரவுகள்

பனியைக் கையில் அள்ளியதும் எங்கள் அத்தை முதலில் செய்தது அதை முகர்ந்து பார்த்ததுதான். "இன்னாம்மா இது, கவுச்சியே இல்ல!" என்றார். அத்தைக்கு 66 வயது. சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் பிறந்து காசிமேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர். மாமா இருந்தவரைக்கும் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக் கொடுக்கும் தொழில். ஐஸ் பார் பாராக வரும். மெஷினில் விட்டு உடைத்து, கூடை கூடையாகப் படகுக்குள் கொட்டுவார்கள். மீன் வாசனை இல்லாத ஐஸ் ஜூஸ் கடையில் மட்டும்தான் உண்டு என்பது அத்தையின் உலகம்.

குல்மார்கில் ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், 11 வயதுப் பையன், 7 வயதுப் பாப்பா, அத்தை. கிளம்புவதற்கு முன் நான் படித்ததெல்லாம் 'பூலோக சொர்க்கம்' ரகம், இல்லையென்றால் தேனிலவுப் படங்கள். முட்டி வலிக்கிற மாமியாரையும், ராத்திரியில் இரண்டு தரம் எழுப்பி பாத்ரூம் போகச் சொல்ல வேண்டிய குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக யாரும் எதுவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இது.

பனிச்சறுக்குக்கு இந்தியாவில் இடங்கள் கொஞ்சம்தான். உத்தராகண்டில் அவுலி, மணாலி பக்கம் சோலாங், காஷ்மீரில் குல்மார்க். அவுலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஒரு நாள் முழுக்க மலைப்பாதை. அத்தையின் முட்டி தாங்காது. குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான் என்பதால் அதையே முடிவு செய்தோம். உயரம் கிட்டத்தட்ட 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது ஊட்டியில் நாம் மூச்சு வாங்க ஏறிப் போய் டெலஸ்கோப்பில் எட்டிப் பார்க்கிற உயரத்தில் அங்கே ஊரே இருக்கிறது. அப்புறம் ஏன் ஊட்டியில் பனி கொட்டுவதில்லை என்று பையன் கேட்டான். குல்மார்க் இருப்பது வடக்கே 34 டிகிரியில், ஊட்டி 11 டிகிரியில். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி மழை வருகிற மாதிரி, அவர்களுக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் வருகிறது. மேற்கத்திய இடையூறு என்று செய்தியில் சொல்வார்களே, அதுதான். அது வராவிட்டால் பனியும் கிடையாது. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்த படங்கள் எல்லாப் பேப்பரிலும் வந்தன. அரையாண்டு லீவை நம்பி டிக்கெட் போட்டால் இந்த ஆபத்து கூடவே வரும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் பிப்ரவரியில் போனோம். கிளாஸ் மிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத்துக்கே துணி எடுத்துவிடலாம், குளிருக்கு எடுக்க முடியவில்லை. "இங்க யாருங்க வாங்கப் போறா?" என்று சிரித்த கடைக்காரர் பரணிலிருந்து இரண்டு குல்லா எடுத்துக் கொடுத்தார். காட்டன் பனியன் மேல் பனியனாக நான்கு போட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு போனதுதான் எங்கள் முதல் முட்டாள்தனம். சறுக்கும்போது வேர்க்கும். காட்டன் அந்த வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சும்மா நின்றால் அந்த ஈரமே ஐஸாகிவிடும். கம்பளியோ பாலியஸ்டர் தெர்மலோதான் தோலை ஒட்டி இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையம். டெல்லியில் மாறி ஸ்ரீநகர். இறங்கியதும் என் போன் செத்துப்போனது. வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். ஐந்து பேருக்கு வீட்டுக்காரர் போன் ஒன்றே கதி. மலைக்கு 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க் என்று ஒரு ஊர். பனி விழுந்த நாளில் நாம் வந்த கார் அதோடு சரி. டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும், காசு தனி. அங்கேயே கம்பூட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். யாரோ போட்டுக் கழற்றிய ஈரம் உள்ளே அப்படியே இருந்தது. கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ் கொண்டு போனவள் என்ற முறையில் அந்த நாளின் அறிவாளி நான்தான்.

இனி ரிசார்ட். விளம்பரத்தில் 'சென்ட்ரல் ஹீட்டிங்' என்று போட்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சூடு வரும், பதினொன்றுக்கு நின்றுவிடும் என்பதைச் சாவி கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். ராத்திரிக்கு எலெக்ட்ரிக் போர்வை. கரண்ட் போனால் அதுவும் வெறும் போர்வை. முதல் ராத்திரி ஒரு மணிக்குப் போனது. போன் மைனஸ் எட்டு காட்டியது. ரிசப்ஷனுக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. வாங்கிய காசுக்கு இது அநியாயம், மறுநாள் மேனேஜரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் எங்களை புகாரி அடுப்பு இருக்கிற அறைக்கு மாற்றிக் கொடுத்தார். இரும்பு டிரம் போல ஒரு அடுப்பு, புகை போகக் குழாய். இருட்டும்போது ஒரு பையன் வந்து விறகு வைத்துப் பற்ற வைப்பான். ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள், படுக்கும் முன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் போவான். அத்தை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உறைந்திருந்தது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து வைத்து உருக்கி, பாப்பாவுக்குத் தலை வாரினார்.

தண்ணீர் விஷயத்தில் தப்பு எங்கள் பேரில். பாத்ரூம் குழாயை ராத்திரி முழுக்க நூல் மாதிரி ஒழுக விட வேண்டும் என்று பணியாள் கையைக் காட்டி விளக்கியிருந்தார். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது, நின்றால் குழாய்க்குள்ளேயே ஐஸாகிவிடும். எங்கள் ஹிந்தி 'கித்னா'வோடு முடிந்துவிடுவதால் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிந்திருந்தாலும் அத்தை விட்டிருக்க மாட்டார். 2019 கோடையில் மெட்ரோ தண்ணி லாரிக்காக விடியற்காலையில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றவர். குழாய் ஒழுகுகிற சத்தம் காதில் விழுந்தால் அவருக்குத் தூக்கம் எங்கே வரும்? எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டார். காலையில் ஒரு சொட்டு இல்லை. மதியம்வரை வாளியில் வெந்நீர் கொண்டு வந்து கொடுத்தார்கள், முகம் கோணாமல். இரண்டாம் ராத்திரி அத்தை குழாயை ஒழுக விட்டுவிட்டு, அடியில் வாளி வைத்துப் பிடித்தார். அதில் என்ன பிடிவாதம் என்று கேட்கக்கூடாது.

குல்மார்கில் ஸ்கீ ஆடுவது வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். 1927-லேயே அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த கோச் உள்ளூர்ப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்கீ பூட்டைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லை. கெட்டி பிளாஸ்டிக், கணுக்கால் மடங்காது, நான்கு கிளிப் போட்டு இறுக்கினால் மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு கடையிலிருந்து சரிவுக்கு நடந்ததிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பலகையின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, பீட்சா துண்டு வடிவத்தில் நின்றால் வேகம் குறையும். இதுதான் முதல் பாடம். பாப்பாவுக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. விழுந்தாலும் தரை அவளுக்குப் பக்கம்.

வீட்டுக்காரர் கதை வேறு. சின்ன வயதில் சித்தப்பாவோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர், பேலன்ஸ் எனக்கா சொல்லித் தருவது என்ற தோரணையில் நின்றார். அலையிலிருந்து போட்டின் முன்பக்கம் கீழே இறங்கும்போது முட்டியை மடக்கிப் பின்னால் சாய்வார்கள், அது உடம்பிலேயே ஊறியிருக்கிறது. ஸ்கீயில் தலைகீழ். சரிவில் இறங்கும்போது பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் லேசாகி, நம் பேச்சைக் கேட்காமல் கிளம்பிவிடும். பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய வேண்டும், முன்னங்கால் எலும்பு பூட்டின் நாக்கில் அழுந்த வேண்டும். பயத்துக்கு நேர் எதிரான காரியம். அவர் பதினொரு தடவை விழுந்தார். பையன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான் அதிகம் விழவில்லை, ஏனென்றால் விழுந்தால் எழுந்திருக்கத் தெரியவில்லை. இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு எழ வேண்டுமாம். நான் நேராக வைத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்த வேகத்திலேயே கிளம்பிப் போய் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் போட்டோவுக்குள் புகுந்தேன். "முட்டியை மடக்கு" என்று நான் பிள்ளைகளிடம் கத்தியதைக் கேட்டுக் கேட்டு, இரண்டாம் நாள் கோச்சே "முட்டி! முட்டி!" என்று எல்லோரையும் விரட்ட ஆரம்பித்தார், அந்தப் பஞ்சாபிகளையும் சேர்த்து.

ஸ்லெட்ஜைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மரப்பலகையில் நம்மை உட்கார வைத்து, கயிற்றைக் கையில் பிடித்து ஒரு ஆள் இழுத்துக்கொண்டு போவார். அத்தை பார்த்தவுடனே முடியாது என்றுவிட்டார். "மனுசன் இழுக்க நான் குந்தினு போணுமா? கை ரிக்சாவையே கலைஞரு எடுத்துட்டாரு." 1973-ல் கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது அத்தையின் அப்பாவுக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்ததை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். சரி, நடக்கலாம் என்று கிளம்பினோம். இருபது அடியில் கம்பூட் முட்டிவரை புதைந்தது. அத்தை நகரவில்லை, நகரவும் முடியவில்லை. இழுக்கிறவர் கூடவே வந்துகொண்டிருந்தார். எங்கே கற்றாரோ, "வாங்கம்மா, மெதுவா" என்று தமிழில் கூப்பிட்டார். பனி இருக்கிற இரண்டு மூன்று மாதம்தான் தனக்குச் சம்பாத்தியம் என்று கோச்சிடம் சொல்லி எங்களுக்குச் சொல்ல வைத்தார். கடைசியில் அத்தை உட்கார்ந்தார். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனார், "மூச்சு வாங்குது பாரு, நில்லு, நின்னு போ" என்று. இறங்கியதும் பேசியதற்கு மேலே கொடுத்தார். எனக்கு இன்னும் அது சரியா தப்பா என்று தெளிவில்லை. நான் உட்காரவில்லை, ஆனால் எனக்கு முட்டி நன்றாக இருக்கிறது.

கோண்டோலா என்கிற கேபிள் காருக்கு ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கோங்டோரி வரைக்கும் ஒரு கட்டம், அங்கிருந்து அபர்வத் மலைமேல் 4,000 மீட்டரை நெருங்கும் இரண்டாம் கட்டம். காற்று அடித்ததால் அன்றைக்கு இரண்டாவது மூடியிருந்தது. கோங்டோரியில் மேகி சாப்பிட்டோம். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். காஷ்மீரிகளும் சோறு தின்கிறவர்கள்தான், ராஜ்மாவும் கீரையும் தினமும் இருந்தது. அத்தை பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை மூன்றாம் நாள் டைனிங் ஹாலில் திறந்துவிட்டார். நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். காஃபி ஊற்ற வந்த பையன் மட்டும் இது என்ன என்று கேட்டு, ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு போனான்.

காசைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க ஐஸ் ஹவுஸ் கட்டிய ஊர் நம்முடையது, ஐஸுக்குச் செலவு பண்ணுவது நமக்குப் புதிதில்லை. ஆனாலும் அறை வாடகையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டதில் ஏமாந்தோம். பலகை, ஸ்கீ பூட், கோச், கோண்டோலா, வண்டி மாற்றல், கம்பூட் என்று தனித்தனியாகக் கறந்ததைக் கூட்டினால் அறை வாடகையைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் ஒரு நாள் ஸ்கீ கற்றால் விழத்தான் கற்பார்கள். பிள்ளைகள் இருவரும் மூன்றாம் நாள் பீட்சா போடாமல் இறங்கினார்கள். பாப்பா கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்த முகத்துக்காக நான் இன்னொரு தடவை அந்தக் குளிர் அறைக்குக்கூடப் போவேன். வீட்டுக்காரர் வர மாட்டேன் என்கிறார். கிளம்புகிற அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு வெளியிலேயே பெட்டியெல்லாம் இறக்கி ஸ்கேன் செய்கிறார்கள். மூன்று மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போன தெரிந்த பையனை நிறுத்தி, "அங்க ரோட்டெல்லாம் ஐசு கொட்டிக் கிடக்குதுடா. ஒருத்தனும் துட்டு கேக்கல" என்றார் அத்தை.

அவன் வண்டியை விடாமலே கேட்டான். "அப்ப ரெண்டு லோடு போட்டுனு வர வேண்டியதுதான ஆயா?"