ஆசிரியர் வைத்த பெயர்

உ.வே.சாமிநாதையரின் இயற்பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது வயது 16. அந்தச் சாமாவைச் சாமிநாதன் ஆக்கியவர் பிள்ளைதான். தமிழ்நாடே இன்றுவரை அந்தப் பெயரைத்தான் சொல்கிறது.

பிள்ளை காலையில் தோட்டத்துச் செடிகளில் புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று ஆசையாகத் தேடுவாராம். சாமிநாதன் அவருக்கு முன்பே போய்ப் பார்த்து வைத்துக்கொண்டு, "இதோ இங்கே" என்று காட்டுவார். இப்படித்தான் ஆசிரியரின் அன்பைப் பெற்றேன் என்று ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டியவர் அரசுப் பள்ளியில் எங்கள் தமிழம்மா. ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் நாட்களில் என்னையும் இன்னொரு மாணவியையும் மணி அடித்த பிறகு உட்கார வைப்பார். கையெழுத்துப் பிரதியை நாங்கள் உரக்கப் படிக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் புரூஃபில் அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். ‘தமிழ் பாடம்’ என்று அச்சாகியிருந்தால் கோல் நின்றுவிடும். ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்கள் எட்டிப் பார்த்து, "நடுவுல ‘ப்’ வரணும்மா" என்று சொல்லும்வரை கோல் நகராது.

இன்று புரூஃப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பிடிஎஃப் அனுப்பினாலும் அச்செடுத்து, கோல் வைத்துத்தான் படிக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளோடு உட்காரும்போது பிழை வந்த இடத்தில் கோலை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். அவசர வேலையிலும் அப்படித்தான். தாமதமாகட்டும், அவர்களாகக் கண்டுபிடித்த பிழை அப்புறம் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

உ.வே.சா.வுக்கு வாய்த்த இன்னொரு பெரியவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையிடம் படித்தவர்; கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-இல் ஓய்வு பெற்றபோது தம் இடம் சாமிநாதையருக்கே கிடைக்க வழி செய்தார். அந்த வேலையில் இருந்தபோதுதான் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். பிள்ளையிடம் பாடம் கேட்காத நூல் அது. ஏடு ஏடாக ஒப்பிட்டு 1887-இல் பதிப்பித்தார் உ.வே.சா. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு. செட்டியார் அன்று கைகாட்டாவிட்டால் இதெல்லாம் எப்படிப் போயிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. திருவல்லிக்கேணி வீட்டுக்கு ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்தார் உ.வே.சா.

பிள்ளை 1876-இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை உ.வே.சா. 1933-லும் 1934-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 78 வயதில், அதுவரை தாம் பதிப்பித்த நூல்கள் அத்தனைக்கும் பிறகு, உட்கார்ந்து ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அவர் செய்ததிலேயே மிகப் பிடித்த வேலை இதுதான்.

எங்கள் தமிழம்மாவைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. அவரிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், அவரைப் பற்றி நினைவிருப்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள். பழைய ஆண்டு மலர் யார் வீட்டிலாவது இருந்தாலும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும். புரூஃப் நான் பார்த்துக்கொள்கிறேன்.